ஒற்றை விரலால் காட்டும் வலி: பாதி மூட்டு மாற்று யாருக்கு?

முட்டி வலியோடு வருகிறவரிடம் "எங்கே வலிக்கிறது, தொட்டுக் காட்டுங்கள்" என்றால் இரண்டு விதமாகக் காட்டுவார்கள். சிலர் உள்ளங்கையை விரித்து முட்டியை முழுதாகப் பிடித்துக் காட்டுவார்கள். சிலர் ஆள்காட்டி விரலை மட்டும் முட்டியின் உட்பக்கத்தில், இரண்டு எலும்புகளும் சேருகிற கோட்டின் மேல் வைப்பார்கள். "இங்கேதான். நடந்தால் வலிக்கிறது. உட்கார்ந்துவிட்டால் அவ்வளவாக இல்லை." எலும்பு மருத்துவர்கள் இதை ஒரு விரல் சோதனை என்பார்கள். இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால் அப்படி விரல் வைத்துக் காட்டியவரிடம் மூட்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். கெட்டுப்போனது ஒரு பக்கம் மட்டும் என்றால், நன்றாக இருக்கிற மற்ற பக்கங்களையும் எதற்காக வெட்டி எடுக்க வேண்டும்?

நம் வீடுகளில் "மூட்டு மாற்று" என்றால் ஒரே ஒரு ஆபரேஷன்தான் நினைவுக்கு வரும். பாதியை மட்டும் மாற்றுகிற ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் அதைச் "சின்ன ஆபரேஷன்", "ஆரம்பக் கட்டத்தில் செய்து கொள்வது" என்று புரிந்து வைத்திருக்கிறார்கள். சின்ன ஆபரேஷன் என்பது ஓரளவு சரி. ஆரம்பக் கட்டத்துக்கு என்பது தவறு. அந்தத் தவறால் பலர் வேண்டாத நேரத்தில் கத்திக்குப் போகிறார்கள், வேறு சிலர் வேண்டிய நேரத்தைத் தவறவிடுகிறார்கள்.

முதலில் மூட்டைப் பார்ப்போம். முழங்காலை ஒரே மூட்டாகச் சொன்னாலும் உள்ளே மூன்று அறைகள் உண்டு. தொடையெலும்பின் கீழ்முனை இரண்டு உருண்டைகளாகப் பிரிந்து, கீழே உள்ள கால் எலும்பின் தட்டையான மேல்பரப்பில் உட்காருகிறது. உட்பக்க உருண்டை உட்காரும் இடம் ஓர் அறை, வெளிப்பக்கம் இன்னோர் அறை. முன்னால் முட்டிச்சில்லு வழுக்கிக்கொண்டு போகும் தடம் மூன்றாவது. எலும்பின் முனைகளைக் குருத்தெலும்பு மூடியிருக்கும். பார்க்க இளநீர் வழுக்கைபோல் வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். தேய்மானம் என்பது இந்தக் குருத்தெலும்பு மெலிந்து, கடைசியில் எலும்பும் எலும்பும் நேராக உரசுவது.

நாம் நடக்கும்போது எடையில் பெரும்பங்கு உட்பக்க அறை வழியாகத்தான் இறங்குகிறது. அதனால் தேய்மானமும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். உட்பக்கம் தேயத் தேயக் கால் வில்போல் வெளிப்பக்கம் வளையும். வளைந்தால் உட்பக்கத்தில் எடை இன்னும் கூடும், கூடினால் இன்னும் தேயும். நம் ஊரில் எந்தக் கோயில் வாசலில் நின்றாலும் அப்படி வளைந்த கால்களோடு இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டி நடந்து போகும் அம்மாக்களைப் பார்க்கலாம்.

இங்கே ஒரு தசைநாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளையாட்டு வீரர்களுக்குக் கிழிந்தது என்று செய்தியில் அடிக்கடி வருமே, அதே ஏசிஎல். மூட்டின் நடுவே குறுக்காக ஓடி, கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்துவைப்பது அதுதான். பாதி மூட்டு மாற்றின் கதை முழுக்க இந்தத் தசைநாரைச் சுற்றித்தான் ஓடுகிறது.

1991-ல் ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் ஒரு விஷயத்தை எழுதினார்கள். ஏசிஎல் நன்றாக இருந்த முட்டிகளிலிருந்து வெட்டி எடுத்த எலும்புத் துண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, தேய்மானம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்தது. உட்பக்க அறையின் முன்பகுதியும் நடுப்பகுதியும் தேய்ந்திருந்தன. பின்பகுதியில் குருத்தெலும்பு அப்படியே இருந்தது. இது சின்னத் தகவல்போலத் தெரியும். ஆனால் நோயாளி சொல்லும் பலவற்றை இது விளக்கிவிடுகிறது. காலை நீட்டி நிற்கும்போது தேய்ந்த முன்பகுதிகள் ஒன்றோடு ஒன்று மோதுகின்றன. வலிக்கிறது, கால் வளைகிறது. நாற்காலியில் உட்கார்ந்து மடக்கும்போது தொடையெலும்பு பின்னால் உருண்டு, தேயாத பகுதியின் மேல் போய் உட்காருகிறது. வலி தணிகிறது, வளைவும் நேராகிவிடுகிறது. ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் உட்பக்கத் தசைநார் தன் இயல்பான நீளத்துக்கு இழுபடுவதால் அது சுருங்கிப்போவதில்லை.

ஏசிஎல் அறுந்துபோனால் இந்தக் காட்சி மாறிவிடும். தொடையெலும்பு எப்போதும் பின்னால் சரிந்தே நிற்கும். தேய்மானம் பின்பகுதிக்கும் பரவும். மடக்கினாலும் வளைவு நேராகாது, உட்பக்கத் தசைநார் சுருங்கும், பிறகு வெளிப்பக்க அறையும் கெடத் தொடங்கும். ஒரு பக்கத்து நோய் மூட்டு முழுவதன் நோயாக மாறும் இடம் அதுதான். பாதியை மாற்றலாமா முழுதை மாற்ற வேண்டுமா என்பதை வயதை வைத்தோ வலியின் அளவை வைத்தோ சொல்ல முடியாது. அந்த இடத்தை முட்டி தாண்டிவிட்டதா என்று பார்த்தால்தான் சொல்ல முடியும்.

இந்தச் சிகிச்சை புதிதாக வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. முழு மூட்டு மாற்றின் வயதுதான் இதற்கும். ஃபிராங்க் கன்ஸ்டன் என்ற கனடா மருத்துவர், இடுப்பு மூட்டு மாற்றின் முன்னோடி ஜான் சார்ன்லியோடு இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, 1968-ல் முட்டிக்கான ஒரு செயற்கை மூட்டைப் பொருத்தினார். அதில் உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் தனித்தனித் துண்டுகள் இருந்தன. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லியனார்ட் மார்மர் ஒரு பக்கத்துக்கு மட்டும் பொருத்தத் தொடங்கினார். கெட்டதை மட்டும் மாற்றுவோம் என்ற யோசனை அப்போதே வந்துவிட்டது.

ஆனால் அந்தக் கால இம்பிளான்ட்களில் ஒரு சிக்கல் இருந்தது. உருண்டையான உலோகத்தைத் தட்டையான பிளாஸ்டிக் மேல் வைத்தால் இரண்டும் ஒரு புள்ளியில்தான் தொடும். கோலிக்குண்டைத் தாம்பாளத்தில் வைத்ததுபோல. ஆளின் எடை அவ்வளவும் அந்தப் புள்ளியில் இறங்கும், பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும். பிளாஸ்டிக்கில் குழி செய்து உருண்டையை அதில் உட்காரவைத்தால் தொடும் பரப்பு கூடும், தேய்வு குறையும். ஆனால் முட்டி மடங்கும்போது எலும்பு முன்னும் பின்னும் நகர வேண்டும். குழி அதை நகரவிடாது. நகர முயலும்போதெல்லாம் இம்பிளான்ட் எலும்பிலிருந்து கழன்று வரப் பார்க்கும்.

இயற்கை இந்தச் சிக்கலை மெனிஸ்கஸ் என்ற நகரும் மெத்தையால் தீர்த்திருக்கிறது. "ஜவ்வு கிழிந்திருக்கிறது" என்று ஸ்கேன் பார்த்து நம்மிடம் சொல்வார்களே, பல சமயம் அது இந்த மெனிஸ்கஸ்தான். ஆக்ஸ்போர்டில் ஜான் குட்ஃபெல்லோ என்ற அறுவை மருத்துவரும் ஜான் ஓகானர் என்ற பொறியாளரும் அதையே செயற்கையாகச் செய்து பார்த்தார்கள். தொடையெலும்பில் உருண்டையான உலோகம், கால் எலும்பில் தட்டையான உலோகம், நடுவில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு. துண்டின் மேல்புறம் குழிவு, கீழ்ப்புறம் தட்டை. பணியாரம் குழிக்குள் உட்காருவதுபோல உருண்டை அந்தக் குழிவில் உட்காரும். துண்டை எதோடும் பிணைக்கவில்லை. முட்டி மடங்கினால் அதுவும் சேர்ந்து பின்னால் வழுக்கும், நீட்டினால் முன்னால் வரும். தொடும் பரப்பு பெரிது, நகரவும் தடை இல்லை. 1976-ல் முதலில் பயன்படுத்தியபோது இரண்டு பக்கங்களிலும் வைத்தார்கள். தோல்வியானவற்றைத் திரும்பிப் பார்த்தபோது ஏசிஎல் இல்லாத முட்டிகளில்தான் அவை அதிகம் என்று தெரிந்தது. 1982 முதல் ஒரு பக்கத்துக்கு மட்டும் வைக்கத் தொடங்கினார்கள். எதில் வெல்லும், எதில் தோற்கும் என்று பார்த்துப் பார்த்துக் கற்ற பாடம் இது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

பிளாஸ்டிக்கை அசையாமல் பொருத்துகிற வகையும் இன்று பரவலாக இருக்கிறது. இரண்டுக்கும் நல்ல பலன்கள் உண்டு. ரோபோ உதவியோடு செய்வதும் வந்துவிட்டது. துல்லியமாக வெட்ட அது உதவும். எந்த முட்டிக்குச் செய்யலாம் என்பதை அது சொல்லாது.

நடுவில் ஒரு காலம் இந்தச் சிகிச்சையைக் கண்டு மருத்துவர்களே பின்வாங்கினார்கள். 1989-ல் அமெரிக்காவில் கோசின், ஸ்காட் என்ற இரண்டு மருத்துவர்கள் யாருக்குச் செய்யலாம் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். வயது 60-க்கு மேல், எடை 82 கிலோவுக்குள், கடினமான உடல் உழைப்பு இருக்கக் கூடாது, சில்லுப் பக்கத்தில் தேய்மானம் கூடாது என்று அது போகும். அந்தப் பட்டியலைப் பிடித்துக்கொண்டால் நூறு பேரில் ஒரு சிலருக்குத்தான் பொருந்தும். அப்புறம் வந்த ஆக்ஸ்போர்டு ஆய்வுகள் வேறு மாதிரிச் சொல்லின. வயது, எடை, உழைப்பு, சில்லுக்கடியில் ஓரளவு தேய்மானம் ஆகிய எதுவும் தனியாகத் தடை ஆகவில்லை. உட்பக்கத்தில் எலும்பும் எலும்பும் உரச வேண்டும், வெளிப்பக்கக் குருத்தெலும்பு முழுதாக இருக்க வேண்டும், ஏசிஎல் வேலை செய்ய வேண்டும், வளைவு நேராகக்கூடியதாக இருக்க வேண்டும். இவை இருந்தால் போதும் என்றார்கள். அப்படிப் பார்த்தால் முட்டி மாற்றுக்கு வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்வரை இதற்குத் தகுதி என்பது அவர்கள் கணக்கு. மற்ற மருத்துவர்கள் பலர் அவ்வளவு தூரம் போகத் தயாராக இல்லை. பிரிட்டனிலேயே செய்யப்படும் முட்டி மாற்றுகளில் பத்தில் ஒன்று அளவுக்குத்தான் பாதி மாற்று நடக்கிறது.

ஆபரேஷன் எப்படி நடக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரக்கவைப்பார்கள். வெட்டு முழு மாற்றில் இருப்பதைவிடச் சிறியது. தொடைத் தசையை அறுக்க வேண்டியதில்லை. உட்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் எலும்பைச் செதுக்கி உலோகத்தைப் பொருத்துவார்கள். ஏசிஎல்லும் அதன் ஜோடித் தசைநாரும் அப்படியே இருக்கும். முழு மாற்றில் வழக்கமாக ஏசிஎல்லை எடுத்துவிடுவார்கள். பாதி மாற்று செய்துகொண்ட பலர் "என் சொந்த முட்டி மாதிரியே இருக்கிறது" என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கவைப்பார்கள்.

சரி, பலன் எப்படி? இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு தரப்பும் புள்ளிவிவரம் காட்டும், இரண்டும் உண்மையாகவே இருக்கும்.

2019-ல் லான்செட் இதழில் டாப்கேட் என்ற பிரிட்டன் ஆய்வின் முடிவு வந்தது. உட்பக்கம் மட்டும் தேய்ந்த 528 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குப் பாதி மாற்றும் மற்றப் பிரிவினருக்கு முழு மாற்றும் செய்தார்கள். 27 மருத்துவமனைகள், 68 அறுவை மருத்துவர்கள். ஐந்து வருடம் கழித்து, வலியையும் நடமாட்டத்தையும் 12 கேள்விகளால் அளந்து 48-க்கு மதிப்பெண் போடும் ஆக்ஸ்போர்டு அளவுகோலில், பாதி மாற்றுக்காரர்கள் 38, முழு மாற்றுக்காரர்கள் 37. வித்தியாசம் இல்லை என்றே சொல்ல வேண்டும். மறுபடியும் ஆபரேஷன் தேவைப்பட்டதும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் செலவு, வாழ்க்கைத் தரம் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது பாதி மாற்று முன்னால் நின்றது. ஐந்து வருடத்தில் ஒரு நோயாளிக்கு 910 பவுண்டு குறைவாகத்தான் செலவானது.

இப்போது மறுபக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003-லிருந்து மூட்டு மாற்றுகளை ஒரு தேசியப் பதிவேட்டில் எழுதி வருகிறார்கள். அதிலிருந்து 25,334 பாதி மாற்றுகளையும், அவற்றோடு எல்லா வகையிலும் ஒத்துப்போகிற 75,996 முழு மாற்றுகளையும் எடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2014-ல் வெளியானது. எட்டு வருடத்தில், பொருத்தியதைக் கழற்றி மாற்ற வேண்டி வந்தது பாதி மாற்றில் இரண்டு மடங்குக்கும் மேல். நீண்ட காலக் கணக்கும் அப்படித்தான் போகிறது. பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்து 2019-ல் வந்த ஓர் ஆய்வின்படி, 25 வருடம் கழித்து முழு மாற்றுகளில் சுமார் 82 சதவீதமும் பாதி மாற்றுகளில் சுமார் 70 சதவீதமும் நிலைத்திருக்கும்.

"பாதி மாற்று சீக்கிரம் கெட்டுப்போகும், அப்புறம் எப்படியும் முழுசாக மாற்ற வேண்டியிருக்கும், இப்போதே முழுசாகச் செய்துவிடலாம்" என்று சொல்லப்படுவதற்கு ஆதாரம் இந்த எண்கள்தான். எண்கள் தவறில்லை. ஆனால் அந்த 2014 ஆய்வில் இன்னொரு பக்கமும் உண்டு. பாதி மாற்றில் ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது குறைவு, மாரடைப்பும் பக்கவாதமும் குறைவு, ஆபரேஷனுக்குப் பின் இறந்தவர்களும் குறைவு. ஆய்வாளர்கள் அதை எல்லாருக்கும் புரியும்படி ஒரு கணக்காகச் சொன்னார்கள். முழு மாற்று செய்துகொள்ளப்போகும் 100 பேருக்குப் பதிலாகப் பாதி மாற்று செய்தால், முதல் நான்கு வருடத்தில் மறு ஆபரேஷன்கள் மூன்று கூடும், ஒரு மரணம் குறையும். பதிவேட்டுத் தரவு என்பதால், பாதி மாற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கொஞ்சம் ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகத்தை முழுதாகத் தள்ளிவிட முடியாது. இருந்தாலும், சர்க்கரையும் இதய நோயும் உள்ள எழுபது வயதுக்காரரின் வீட்டார் இதைத் தெரிந்துகொள்ளாமல் முடிவெடுக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

மறு ஆபரேஷன் எண்ணிக்கையிலும் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நியூசிலாந்துப் பதிவேட்டில், ஆபரேஷனுக்குப் பிறகும் மிக மோசமாக, 48-க்கு 20-க்கும் கீழே மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். அதே அளவு வேதனையில் இருந்தவர்களில், முழு மாற்று செய்தவர்களில் சுமார் 12 சதவீதத்தினருக்குத்தான் மறு ஆபரேஷன் நடந்திருந்தது. பாதி மாற்று செய்தவர்களில் சுமார் 63 சதவீதத்தினருக்கு நடந்திருந்தது. காரணம் ஊகிக்கக் கூடியதே. பாதி மாற்றை முழுதாக மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிது, மருத்துவர் தயங்காமல் செய்வார். முழு மாற்றைக் கழற்றி இன்னொன்று வைப்பது பெரிய வேலை, அதனால் "பொறுத்துக்கொள்ளுங்கள், பழகிவிடும்" என்று அனுப்பிவிடுவார்கள். அப்படி அனுப்பப்பட்டவரின் வலி எந்தத் தோல்விக் கணக்கிலும் ஏறுவதில்லை. முழு மாற்று செய்துகொண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பலனில் திருப்தி இல்லை என்று சொல்வது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. அவர்களையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எண்கள் மாறுபடுவதற்கு இன்னொரு காரணம் செய்கிறவரின் கை. பிரிட்டன் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தபோது, பாதி மாற்று செய்யும் மருத்துவர்களில் வருடத்துக்கு ஒன்றே ஒன்று செய்கிறவர்கள்தான் அதிகம் பேர், அடுத்து இரண்டு செய்கிறவர்கள் என்று தெரியவந்தது. வருடம் ஒன்று செய்தால் கை எப்படிப் பழகும்? தன்னிடம் வரும் முட்டிகளில் 20 சதவீதத்துக்கும் மேல் பாதி மாற்று செய்கிற மருத்துவர்களிடம் பலன்கள் தெளிவாக நன்றாக இருக்கின்றன. வருடத்துக்குப் பத்துக்கும் குறைவாகச் செய்பவர்களிடம் தோல்வி கூடுகிறது. டாப்கேட் ஆய்வில் மறு ஆபரேஷன் கூடாமல் இருந்ததற்கு அதில் பங்கெடுத்தவர்கள் பழகிய கைகள் என்பதும் ஒரு காரணம். ஆகவே "இந்தச் சிகிச்சை நல்லதா" என்று கேட்பதைவிட "நீங்கள் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், டாக்டர்" என்று கேட்பதில் பயன் அதிகம். நம் ஊரில் டாக்டரிடம் இப்படிக் கேட்கத் தயக்கம் இருக்கும், மரியாதைக் குறைவோ என்று தோன்றும். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நல்ல மருத்துவர் நேராகப் பதில் சொல்வார்.

இனி, தொடக்கத்தில் சொன்ன "ஆரம்பக் கட்டம்" என்ற தவறுக்கு வருகிறேன். குருத்தெலும்பு பாதி மட்டும் தேய்ந்த நிலையில், எக்ஸ்ரேயில் இன்னும் இடைவெளி தெரியும்போதே பாதி மாற்று செய்தால் பலன் நிச்சயமில்லை. வலி போகாதவர்கள் அந்தக் கூட்டத்தில்தான் அதிகம். "சின்னதாக இருக்கும்போதே செய்துவிடலாம்" என்பது பல்லுக்கு வேண்டுமானால் சரி, முட்டிக்குச் சரியில்லை. அந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியவை வேறு. தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சி, எடைக் குறைப்பு, தேவைப்பட்டால் வலி மருந்து. ஒரு கிலோ உடல் எடை குறைந்தால், ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முட்டியில் இறங்கும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ இளைத்தவரின் முட்டிக்கு ஓர் அடிக்கு இருபது கிலோ மிச்சம். இளவயதில் வளைவு அதிகம் உள்ளவர்களுக்கு எலும்பை வெட்டி நேராக்கும் இன்னொரு சிகிச்சையும் இருக்கிறது. தேய்மானத்துக்காகத் துளைபோட்டு மூட்டைக் கழுவிவிடுவது முன்பு நிறைய நடந்தது. 2002-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் 180 பேரில் சிலருக்கு அந்தச் சிகிச்சையையும் சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டும் பார்த்தார்கள். இரண்டுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை.

தகுதியைக் கண்டுபிடிக்க என்ன வேண்டும்? ஆச்சரியமாக இருக்கும், பெரும்பாலும் எக்ஸ்ரே போதும். ஆனால் சரியான எக்ஸ்ரே. படுத்துக்கொண்டு எடுத்த படத்தில் மூட்டில் பாரம் இறங்காது, இடைவெளி இருப்பதுபோலவே தெரியும். நின்றுகொண்டு எடுத்தால்தான் எலும்பு எலும்பைத் தொடுவது தெரியும். பக்கவாட்டுப் படத்தில் தேய்ந்த குழி முன்னால் இருக்கிறதா, பின்ஓரம் வரை போய்விட்டதா என்று பார்ப்பார்கள். ஏசிஎல்லின் நிலையை அது ஏறக்குறையச் சொல்லிவிடும். மூன்றாவதாக, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, மருத்துவர் காலை வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு எடுக்கும் படம். வளைவு நேராகிறதா, அப்போது வெளிப்பக்க அறையில் முழு இடைவெளி இருக்கிறதா என்பதற்கு அதுதான் சாட்சி. பலர் கையில் பல ஆயிரம் ரூபாய் எம்ஆர்ஐ இருக்கும், நின்று எடுத்த எக்ஸ்ரே ஒன்றுகூட இருக்காது. எம்ஆர்ஐ சின்னச் சின்ன மாற்றங்களையும் பெரிதாகக் காட்டும். அதைப் பார்த்து "எல்லாப் பக்கமும் போய்விட்டது" என்று முடிவு கட்டப்பட்ட முட்டிகளில் தகுதியுள்ளவையும் இருக்கும். அதேபோல, முட்டி முழுக்க வலிக்கிறது என்று உள்ளங்கையை விரித்துக் காட்டியதால் மட்டும் தகுதி போய்விடாது. விரல் ஒரு குறிப்புத்தான் கொடுக்கும்.

முடக்குவாதத்தால் வரும் மூட்டு நோய்க்கு இது கூடாது. அது மூட்டு முழுவதையும் தாக்கும் நோய், இன்று நன்றாக இருக்கும் பக்கத்தை நாளை கெடுத்துவிடும். வெளிப்பக்கத்துக்கு மட்டும், சில்லுப் பக்கத்துக்கு மட்டும் செய்யும் பகுதி மாற்றுகளும் உண்டு. அவை எண்ணிக்கையில் குறைவு.

நம் ஊருக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, நாம் தாமதமாகப் போகிறோம். "வயசானால் வலிக்கத்தான் செய்யும்" என்று பத்து வருடம் தைலத்தையும் மாத்திரையையும் வைத்துக் கடத்திவிட்டு, கால் நன்றாக வளைந்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போகிறோம். குறிப்பாகப் பெண்கள். பேரன் பேத்தி வளரட்டும், மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருவதற்குள் ஏசிஎல் போய், வளைவு இறுகி, பாதி மாற்றுக்கான கதவு மூடிவிடுகிறது. எலும்பு எலும்பைத் தொட்ட நாளுக்கும் அந்தக் கதவு மூடும் நாளுக்கும் நடுவே உள்ள காலம்தான் இதற்கு ஏற்ற காலம். அது எப்போது என்று தெரிய வேண்டுமானால் ஒருமுறையாவது நின்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது, தரையில் உட்காருவது. சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, கோலம் போடக் குந்துவது, நாட்டுக் கழிப்பறை, தொழுகையில் மண்டியிடுவது. பாதி மாற்றில் முட்டி பொதுவாக நன்றாகவே மடங்கும், முழு மாற்றைவிட இதில் அதற்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் நகரும் பிளாஸ்டிக் துண்டு வைத்த வகையில், அந்தத் துண்டு இடம் விட்டு நழுவுவது ஆசிய நோயாளிகளிடம் மேற்கத்தியர்களைவிட அதிகமாக நடப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆழமாக மடக்கும் பழக்கம் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே தரையில் உட்காருவது உங்கள் அன்றாடத்தில் எவ்வளவு முக்கியம் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். நகரும் வகையா நிலையான வகையா என்ற தேர்வில் அதற்கும் பங்கு உண்டு.

மூன்றாவது, பணம். இந்தியாவில் 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை ஆணையம் முட்டி இம்பிளான்ட்களுக்கு உச்சவரம்பு வைத்தது. பரவலாகப் பயன்படும் கோபால்ட் குரோமியம் முழு மூட்டுக்கு அப்போது வைத்த உச்ச விலை, ஜிஎஸ்டி நீங்கலாக, 54,720 ரூபாய். அதற்கு முன்பு அதே பொருளுக்கு மக்கள் லட்சத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் இம்பிளான்ட் விலை மொத்தச் செலவில் ஒரு பங்குதான். அறை, மருத்துவர் கட்டணம், பிசியோதெரபி எல்லாம் தனி. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் முட்டி மாற்று செய்கிறார்கள். பாதி மாற்று அந்த மருத்துவமனையில் செய்யப்படுகிறதா, செய்யும் கை இருக்கிறதா என்பதை அங்கேயே விசாரிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. எக்ஸ்ரே எவ்வளவு சரியாக இருந்தாலும் இறுதி முடிவு ஆபரேஷன் அறையில்தான் நடக்கும். மூட்டைத் திறந்ததும் மருத்துவர் ஏசிஎல்லைக் கொக்கியால் இழுத்துப் பார்ப்பார், வெளிப்பக்கக் குருத்தெலும்பைக் கண்ணால் பார்ப்பார். ஏசிஎல் தளர்ந்து கிடந்தாலோ வெளிப்பக்கம் எதிர்பார்த்ததைவிடக் கெட்டிருந்தாலோ அந்த இடத்திலேயே முழு மாற்றுக்குப் போவதுதான் சரி. அதற்காக முழு மாற்றுக்கான இம்பிளான்ட்டையும் கருவிகளையும் பக்கத்தில் தயாராக வைத்திருப்பார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் பாதி என்று நினைத்துப் போய், கண் விழித்ததும் "முழுசாக மாற்றிவிட்டோம்" என்று கேட்டால் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றும். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், அப்படி நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் செலவும் ஓய்வு நாட்களும் எவ்வளவு மாறும் என்று நோயாளியும் வீட்டில் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.